ஊசி கடைசியில்தான்!

புது நைட்ரோ டிரக் வாங்கியவருக்கு இந்த உலகத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை என்ன தெரியுமா? "ஸ்குரூவைக் கொஞ்சம் திருகிப் பாருங்க." இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையா? திருகு. ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிட்டதா? திருகு. வேகம் போதவில்லையா? கண்டிப்பாகத் திருகு, உள்ளே திருகு. தலைவலி, வயிற்றுவலி, மூட்டுவலி மூன்றுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிறவரை நம் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்போமோ, அதே பெயர்தான் இந்த ஆலோசகர்களுக்கும் பொருந்தும்.

என் கட்சி இதுதான். புது இன்ஜினில் வரும் கோளாறுக்குக் கார்புரேட்டர் ஊசி கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம். முதலிலேயே அதில் கை வைக்கச் சொல்கிறவர் உங்கள் காசில் விளையாடுகிறார். "கொஞ்சம் ஓவரா இல்ல?" என்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

இந்த விளையாட்டே தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நைட்ரோ டிரக் என்பது ரேடியோ ரிமோட்டில் ஓடும் குட்டி டிரக். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்ற அளவில் வரும். 1999ல் டிராக்ஸஸ் கம்பெனியின் டி-மேக்ஸ் வந்த பிறகு, பெரிய சக்கரம் வைத்த இந்த மான்ஸ்டர் டிரக்குகளோடுதான் பலரும் உள்ளே நுழைந்தார்கள். உள்ளே இருப்பது 2.5 சி.சி., 3.5 சி.சி. அளவில் ஒரு நிஜமான டூ ஸ்ட்ரோக் இன்ஜின். நிமிடத்துக்கு 30,000 சுற்றைத் தொடும். கணக்குப் போட்டால் விநாடிக்கு 500 தடவை எரிப்பு! குடிப்பது பெட்ரோல் அல்ல. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த திரவம்.

இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. 1947ல் அமெரிக்காவில் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்தாரே, அந்தக் குளோ பிளக்கின் வாரிசுதான் இன்றைக்கும். பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி, அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வெளியிலிருந்து சுமார் ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். ஓட ஆரம்பித்ததும் இக்னைட்டரை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தோடு வினைபுரிவதால் வரும் சூடும், எரிப்பின் சூடும் சேர்ந்து கம்பியைக் கனலாகவே வைத்திருக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்த நேரத்தில் பற்ற வேண்டும் என்று சொல்ல இங்கே தனியாக எந்த டைமிங் ஏற்பாடும் இல்லை. கலவை எப்படி, அழுத்தம் எவ்வளவு, பிளக் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்துத்தான் அது பற்றும்.

இப்போது அந்த ஊசிக்கு வருவோம். அதை உள்ளே திருகினால் எரிபொருள் குறையும் (லீன்). வெளியே திருகினால் கூடும் (ரிச்). பார்க்கச் சாதுவாக இருக்கிறது அல்லவா? உண்மையில் அந்த ஒரே திருகாணி நான்கு வேலை பார்க்கிறது.

முதல் வேலை, காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதம். இரண்டாவது, எண்ணெய். பழைய டி.வி.எஸ். 50 வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துதானே ஊற்றுவோம்? இங்கேயும் அதே கதை. இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் சேர்ந்தே குறையும். மூன்றாவது, குளிர்ச்சி. மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிடச் சுமார் மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதைக் குறைத்தால் இன்ஜினின் உள்சூடு ஏறும். நான்காவது, மேலே சொன்ன டைமிங். சூடு ஏறினால் கலவை முன்கூட்டியே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குள் அதன் தலையில் அடி விழும்.

ஆக, "கொஞ்சம் உள்ள திருகு" என்பவர் ஒரே மூச்சில் எண்ணெயைக் குறைக்கிறார், குளிர்ச்சியைக் குறைக்கிறார், டைமிங்கை மாற்றுகிறார். எதற்காக? பேட்டரி தீர்ந்துபோன இக்னைட்டருக்காக!

இது கற்பனை இல்லை. நான் படிக்கும் ஊரில் என் அறைத்தோழன் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு டிரக் வாங்கினான். முதல் நாள் ஸ்டார்ட் ஆகவில்லை. கடைக்குப் போன் போட்டான். "அரைச் சுற்று உள்ள திருகு" என்றார்கள். ஆகவில்லை. "இன்னும் அரைச் சுற்று." ராத்திரி இக்னைட்டரை சார்ஜ் போட்டு வைத்தான், மறுநாள் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கடைக்காரர் தீர்க்கதரிசி ஆகிவிட்டார். வண்டி அம்பு மாதிரி பறந்தது. நாலாவது டேங்கில் நின்றது. அதற்குப் பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் எதிர்ப்பே இல்லை, வெண்ணெயில் கத்தி போவதுபோல வந்தது. பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்து கம்ப்ரஷன் போய்விட்டது. அந்தப் பையனுக்கு அது இரண்டு மாத மளிகைக் காசு. கடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நீங்க சரியா பிரேக்-இன் பண்ணலை." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இந்தத் தப்பான அறிவுரை இத்தனை வருடமாக உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. லீன் செய்யப்பட்ட இன்ஜின் சாவதற்கு முன்னால் பிரமாதமாக ஓடும். புகை குறையும், சத்தம் கூர்மையாகும், வேகம் ஏறும். அறிவுரை சொன்னவர் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். இன்ஜின் செத்துப்போவது அடுத்த வாரம், வேறு இடத்தில், அவர் இல்லாதபோது.

சரி, ஊசியைத் தொடாமல் என்ன செய்வது? ஒரு எளிய கேள்வி போதும். நேற்று ஓடிய இன்ஜின் இன்று ஓடவில்லை என்றால், ராத்திரியில் எது மாறியது? ஊசி எழுந்து போய்த் தன்னைத்தானே திருகிக்கொண்டிருக்காது. மாறக்கூடியவற்றை வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று, நெருப்பு. பிளக்கைக் கழற்றி இக்னைட்டரில் மாட்டுங்கள். சுருள் முழுக்கப் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மங்கலாக இருந்தாலோ பாதிச் சுருள் மட்டும் சிவந்தாலோ பிளக்கையும் இக்னைட்டர் பேட்டரியையும் சந்தேகப்படுங்கள். இரண்டு நிமிட வேலை.

இரண்டு, எரிபொருள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியைச் சரியாக மூடாத டின்னும், டேங்கில் நாள் கணக்கில் கிடந்த மிச்சமும் உதவாது. அதேபோல நைட்ரோமீத்தேன் சதவீதத்தை மாற்றினால் பழைய ஊசி அளவு பொருந்தாது. ஒரு பங்கு மெத்தனால் முழுதாக எரிய எடையில் சுமார் 6.4 பங்கு காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 பங்கு போதும். அதாவது நைட்ரோ கூடினால் அதே காற்றுக்கு இன்னும் அதிக எரிபொருள் தேவை. 20 சதவீத டின்னிலிருந்து 30க்குத் தாவிவிட்டு ஊசியை அப்படியே விட்டால், நீங்கள் தொடாமலேயே இன்ஜின் லீன் ஆகிவிடும்.

மூன்று, குழாய்கள். சைலன்ஸரிலிருந்து டேங்குக்குப் போகும் பிரஷர் குழாய் கழன்றிருக்கிறதா? அந்த அழுத்தம்தான் எரிபொருளைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. டேங்க் மூடியின் ரப்பர் சரியாக உட்காருகிறதா? எரிபொருள் குழாயில் காற்றுக் குமிழிகள் ஓடுகின்றனவா? ஊசிமுனை அளவு ஓட்டை போதும், நாள் முழுக்க ஆட்டம் காட்ட.

நான்கு, காற்றுக் கசிவு. கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடம், பின்பக்க மூடி. ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் அலறுவது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி ஐடில் ஆவது எல்லாம் இதன் அடையாளம். கசிவு உள்ள இன்ஜினை ஊசியால் டியூன் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அளப்பது மாதிரி.

ஐந்து, இன்ஜினுக்கு வெளியே. பிரேக் உரசுகிறதா, கியர் இறுக்கமாகக் கடிக்கிறதா, கிளட்ச் ஒட்டிக்கொள்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? "இன்ஜினில் சக்தியே இல்லை" என்ற புகார்களில் சில இங்கேதான் முடியும்.

புது இன்ஜினில் ஸ்டார்ட்டர் கயிறு இழுக்கவே வராமல் சிக்கிக்கொள்வதும் கோளாறு அல்ல. இந்த இன்ஜின்களில் ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் இறுகும். சூடேறினால் ஸ்லீவ் விரிந்து இடம் கொடுக்கும். ஹேர் டிரையரால் தலையைச் சூடாக்குங்கள். எரிபொருள் நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தால் பிளக்கைக் கழற்றி, துணியை மேலே போட்டு, இழுத்து வெளியேற்றுங்கள். கயிற்றோடு மல்யுத்தம் வேண்டாம்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கும் ஒரு குட்டு உண்டு. "புது இன்ஜினா? எரிபொருள் வழிய வழிய ரிச்சாக வைத்து, ஸ்டாண்டில் மணிக்கணக்கா ஐடில்ல ஓட்டு" என்று ஒரு கோஷ்டி சொல்லும். பாதுகாப்பு போலத் தெரியும். ஆனால் சூடே ஏறாத ஸ்லீவ் விரியாது. அந்த இறுக்கத்துக்குள் பிஸ்டன் நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை முட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும்தான் அடி வாங்கும். பிரேக்-இன் காலத்திலும் இன்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கு வர வேண்டும், பிறகு ஆற வேண்டும். ரிச் பக்கம் நில்லுங்கள், மூழ்கிவிடாதீர்கள்.

அடுத்து வெப்பமானித் துப்பாக்கி பக்தர்கள். பல கையேடுகள் 130 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தை மேல் எல்லையாகக் காட்டுகின்றன. எல்லை என்றால் தாண்டக்கூடாத கோடு. இவர்களோ அதை அடைய வேண்டிய மார்க்காக நினைத்து, 110 காட்டினால் "இன்னும் இடம் இருக்கு" என்று உள்ளே திருகுகிறார்கள். 5 டிகிரி குளிரிலும் 40 டிகிரி வெயிலிலும் ஒரே டியூனுக்கு ஒரே எண் எப்படி வரும்? அந்தக் கருவி எச்சரிக்கை மணி, அவ்வளவுதான். டியூன் சொல்வது புகையும் சத்தமும். முழு ஆக்ஸிலரேட்டரில் மெல்லிய நீலப் புகைக்கோடு தெரிய வேண்டும். புகையே இல்லாமல் உச்சத்தில் திடீரென்று இன்ஜின் அறுபட்டால் லீன். களகளவென்று கனத்த புகையோடு திணறினால் ரிச்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் சரியில்லை என்றால் இப்போது ஊசிக்கு வாருங்கள். முதலில் கையேட்டில் உள்ள ஆரம்ப அளவுக்குத் திரும்புங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஹை ஸ்பீடு ஊசி, அது சரியான பிறகு லோ ஸ்பீடு ஊசி, கடைசியாக ஐடில் ஸ்குரூ. வரிசை மாறக்கூடாது. ஒரு தடவைக்குக் கடிகார முகத்தில் ஒரு மணி நேர அளவு, அதாவது பன்னிரண்டில் ஒரு சுற்று. பிறகு ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. லோ ஸ்பீடுக்கு ஒரு சோதனை: ஐடிலில் எரிபொருள் குழாயை விரலால் அமுக்குங்கள். வேகம் லேசாக ஏறி இரண்டு மூன்று விநாடியில் நின்றால் சரி. உடனே செத்தால் லீன், நீண்ட நேரம் இழுத்தால் ரிச். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சத்தை எரித்துத் தீர்த்து, உள்ளே ஆஃப்டர் ரன் ஆயில் சில சொட்டு விட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வாங்கிட்டுப் போயேன்" என்பீர்கள். நியாயம். பெரும்பாலானவர்கள் போயும்விட்டார்கள், அது வேகமானதும்கூட. ஆனால் ஒரு இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்று கையால் தொட்டுக் கற்க இதைவிட மலிவான பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. மெக்கானிக்கல் படிக்கிறவன் சொல்கிறேன், டூ ஸ்ட்ரோக் பாடம் எனக்குப் புத்தகத்தில் புரிந்ததைவிட இதில் நன்றாகப் புரிந்தது. ஆட்கள் குறையக் குறைய, புதிதாக வருகிறவனுக்குச் சரியாகச் சொல்லித் தர வேண்டிய பொறுப்பு கூடுகிறது. அவனுடைய முதல் இன்ஜினை நாலு டேங்கில் கொன்றுவிட்டால் அவன் திரும்பி வரமாட்டான்.

கடைசியாக விற்பவர்களுக்கு. பெட்டிமேல் "ரெடி டு ரன்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். பிரேக்-இன் வேண்டும், டியூனிங் வேண்டும், பல பெட்டிகளில் எரிபொருளும் இக்னைட்டரும் தனியாக வாங்க வேண்டும். இதில் எது ரெடி? அந்த எழுத்தைச் சின்னதாக்கி, பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: முதலில் பிளக், எரிபொருள், குழாய், கசிவு, ஊசி கடைசியில்.