ஒரு தகடு போதுமா?

திருச்சியை அடுத்த துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. வெளியே கிரைண்டர் சத்தம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் டிராயிங் ஆபிஸ். டிராஃப்ட்ஸ்மேன் வேலை கேட்டு வந்திருந்த பெண்ணுக்கு இருபத்தொரு வயது இருக்கலாம். ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு அப்ரண்டிஸ். பயோடேட்டாவில் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்று தெரிந்த மென்பொருட்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மேலாளர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். வெள்ளைத்தாள் ஒன்றையும் பென்சிலையும் அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தினார்.

"உள்விட்டம் 2,000 மில்லி. பிளேட் 20 மில்லி. ஒரு ஷெல் உருட்டணும். யார்டுல 6,300க்கு 1,500 பிளேட் கிடக்கு. சுத்தளவுக்கு ஒரு பிளேட் போதுமாம்மா?"

அந்தப் பெண் 2,000-ஐ 3.1416-ஆல் பெருக்கினார். 6,283 வந்தது.

"போதும் சார். 17 மில்லி மிச்சம் வரும்."

"உருட்டும்போது பிளேட்டோட எந்தப் பக்கம் நீளும், எந்தப் பக்கம் சுருங்கும்?"

பென்சில் நின்றுவிட்டது.

கனரகத் தொழிற்சாலையில் படவரைவாளர் வேலை என்றால் என்ன என்பது இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. தகட்டை உருளையாக வளைத்தால் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருக்கப்படும். நீளம் மாறாமல் இருப்பது நடுத் தடிமனில் ஓடும் கோடு மட்டும்தான். ஆகவே கணக்கில் கொள்ள வேண்டியது உள்விட்டம் 2,000 இல்லை, நடுவிட்டம் 2,020. அதைப் பெருக்கினால் 6,346 மில்லிமீட்டர். யார்டில் கிடக்கும் தகடு 46 மில்லிமீட்டர் பற்றாது. தவறான விடைக்கும் சரியான விடைக்கும் நடுவில் 6,300 உட்கார்ந்திருக்கிறது. கேள்வி கேட்டவர் அந்த அளவைத் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

6,283 என்றே படத்தில் எழுதி, அதன்படியே வெட்டி உருட்டிவிட்டால் என்ன ஆகும்? உள்விட்டம் 1,980 ஆகிவிடும். 2,000 உள்விட்டத்துக்குச் செய்துவைத்த கிண்ண மூடி அதன் வாயில் பொருந்தாது. 1,500 அகலத்தில் அந்த ஒரு வளையத்தின் எடை ஏறத்தாழ ஒன்றரை டன். காகிதத்தில் ரப்பரால் அழித்துவிடக்கூடிய ஒரு பிழை, வெட்டிய பிறகு ஒன்றரை டன் எஃகாகப் பட்டறையில் கிடக்கும்.

திருச்சியில் இந்த வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் வெறும் இடத்தில் விண்ணப்பிக்கவில்லை. 1965-இல், செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு, திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதை நம்பித் துவாக்குடி வரைக்கும் சிறிதும் பெரிதுமாகப் பட்டறைகள் முளைத்தன. ஆலை தரும் படத்தை வாங்கி, தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து கொடுப்பதே அவற்றின் பிழைப்பு. மின்நிலைய ஆர்டர்கள் குறைந்த ஆண்டுகளில் பட்டறைகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்க முடியாது என்று உணர்ந்தவர்கள் வேறு ஆர்டர்களைத் தேடிப் போனார்கள். அப்போதுதான் டிராயிங் ஆபிஸின் அருமை தெரிந்தது. ஆலை கொடுத்த படத்தைப் படித்தால் போதும் என்றிருந்த இடத்தில், சொந்தமாகப் படம் போடத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரக்கூடிய இரண்டு ஆண்டுப் படிப்பு, ஐ.டி.ஐ.யின் இயந்திரப் படவரைவாளர் பிரிவு. பாடத்திட்டத்தில் வரைபலகையும் கணினியும் மட்டும் இல்லை. ஃபிட்டர், டர்னர், வெல்டர், தகட்டு வேலை ஆகிய பிரிவுகளிலும் சில நாட்கள் கைவேலை பழக வேண்டும். விண்ணப்பம் எழுதும்போது பலர் அந்த நாட்களைக் குறிப்பிடுவதே இல்லை. அரத்தால் தேய்த்து ஒரு கட்டையைச் சதுரமாக்கியதும், முதன்முதலாக வெல்டிங் கோடு இழுத்ததும் படிப்பின் ஓரத்தில் நடந்த சங்கதிகள் என்று நினைத்துவிடுகிறார்கள். பட்டறைக்காரர் தேடுவது அதைத்தான். கோணத்தில் வெல்டிங் டார்ச் நுழைய இடம் வேண்டும், போல்ட்டை முடுக்க ஸ்பேனர் சுற்ற இடம் வேண்டும் என்பது கையால் செய்து பார்த்தவருக்குத்தான் நினைவுக்கு வரும். மென்பொருளின் பெயர் ஒரு வரியில் அடங்கிவிடும். செய்த வேலைக்குத்தான் அரைப் பக்கம் கொடுக்க வேண்டும்.

அப்ரண்டிஸ் பயிற்சியைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி நடக்கும் அந்தப் பயிற்சி, முடிந்ததும் அங்கேயே வேலை உண்டு என்று உறுதி தருவதில்லை. பெரிய ஆலையில் ஓராண்டு பழகிவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் நொந்துபோவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்த ஓராண்டில் ஒரு படம் எந்தெந்தக் கைகளுக்குப் போகிறது என்பதைப் பார்த்திருப்பார்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், மார்க்கிங் செய்பவர், ஆய்வாளர். படத்தின் மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தில் முதல் மூவரும் கையெழுத்திடுவார்கள். கொதிகலன் என்றால் 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குவிதிகள் வேறு இருக்கின்றன. அழுத்தம் தாங்கும் பாகத்தின் படத்துக்கு முதலில் ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் உற்பத்தி. இந்த ஓட்டத்தைச் சொல்லத் தெரிந்தவர் நேர்காணலில் பாதி தூரம் வந்துவிட்டார்.

சான்றிதழ் நகல்களோடு தாமே வரைந்த இரண்டு மூன்று படங்களையும் எடுத்துப்போவது நல்லது. பளபளப்பான முப்பரிமாண மாதிரிகள் வேண்டாம். ஒரு தாங்கிச் சட்டமோ சிறிய தொட்டியோ போதும். அளவுகள் முழுமையாக இருக்க வேண்டும், பொருள்பட்டியல் இருக்க வேண்டும், பட்டியலில் எடை இருக்க வேண்டும். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 10 மில்லி தகடு என்றால் 78.5 கிலோ. இந்த ஒரு கணக்கு வாயில் வந்துவிட்டால், கிரேன் தூக்குமா என்ற கேள்விக்கும் விலைப்புள்ளி போடுபவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடலாம். எந்த எஃகு என்பதும் பட்டியலில் சரியாக இருக்க வேண்டும். தாங்கிச் சட்டத்துக்கு ஐ.எஸ். 2062 போதும். அழுத்தம் தாங்கும் ஷெல்லுக்கு அதற்கென்று உள்ள கொதிகலன் தகடு வேண்டும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடங்கள் இரண்டு.

முதலாவது, பார்வைக் கோணம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் முதல்கோண முறை வழக்கம். அமெரிக்கப் படங்களில் மூன்றாம்கோண முறை. முதல்கோணத்தில் மேல்தோற்றம் முகப்புத் தோற்றத்துக்குக் கீழே வரும், இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்தில் வரும். மூன்றாம்கோணத்தில் எல்லாம் அதனதன் பக்கத்திலேயே நிற்கும். எந்த முறை என்று சொல்ல, தலைப்புக் கட்டத்தில் ஒரு வெட்டுக்கூம்பின் இரண்டு தோற்றங்கள் குறியாகப் போடப்பட்டிருக்கும். தபால்தலை அளவுதான் இருக்கும். அதைப் பார்க்காமல் அமெரிக்கப் படத்தைப் படித்தால் இடப்பக்கம் வர வேண்டிய குழாய்வாய் வலப்பக்கம் போய்விடும். செய்த பொருள் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல, அளவெல்லாம் சரியாக இருந்தும் எதற்கும் உதவாமல் நிற்கும்.

இரண்டாவது, வெல்டிங் குறி. மூலை வெல்டில் அமெரிக்கப் படம் சொல்வது கால் நீளத்தை. ஐரோப்பியப் படங்களில் பெரும்பாலும் தொண்டைத் தடிமன் வரும். எண்ணுக்கு முன்னால் 'ஏ' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து இருந்தால் தொண்டை, 'இசட்' இருந்தால் கால். தொண்டை 6 மில்லி வேண்டுமென்றால் கால் ஏறக்குறைய எட்டரை மில்லி வர வேண்டும். அந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காமல் கால் 6 என்று வரைந்துவிட்டால் தொண்டை நாலேகால் மில்லிதான் கிடைக்கும். வெல்டர் படத்தில் இருந்ததைப் பிசகாமல் செய்திருப்பார். ஆனாலும் பலம் கேட்டதில் முப்பது விழுக்காடு குறைந்துபோயிருக்கும். பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டும் நேரத்தில் இந்தக் குறிகளை ஒரு வாரம் கையால் வரைந்து பழகிவிட்டுப் போகலாம்.

ஒரு பொருளைத் தட்டையான தாளில் பல தோற்றங்களாக விரித்துக் காட்டும் கணிதத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் ஒழுங்குபடுத்தியவர் காஸ்பார் மோஞ்சு. கோட்டை கட்டும் கணக்குகளுக்கு அது உதவியதால், பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். இன்று பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குத் திருவெறும்பூரில் அது பாடம். ரகசியமாகப் பூட்டிவைக்கும் அளவுக்கு மதிப்புள்ள வித்தை தங்கள் கையில் இருக்கிறது என்பதை யாராவது இந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்களா? மென்பொருள் வேலைக்குப் போக முடியாதவர்கள் வந்து சேரும் இடம் என்று இதைப் பேசுபவர்கள், ஷெல் உருட்டும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் 6,283-ஐ அடித்துவிட்டு 2,020 என்று எழுதினார். மறுபடியும் பெருக்கினார்.

"6,346 சார். ஒரு பிளேட் பத்தாது. ரெண்டு துண்டாத்தான் போடணும்."

"அப்போ ஜாயின்ட் ரெண்டாகுது. எங்க வெப்ப?"

இதற்குப் பதில் உடனே வந்தது. அப்ரண்டிஸ் காலத்தில் பார்த்திருக்க வேண்டும். குழாய்வாய் வரும் இடத்தில் வெல்ட் விழக் கூடாது. ஷெல் உட்காரும் தாங்கியின் மேலும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வளையத்தின் நீள வெல்டோடு ஒரே கோட்டில் நிற்கக் கூடாது, தடிமனைப்போல் ஐந்து மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். 20 மில்லிக்கு 100 மில்லி. ஒரு வட்டம் போட்டு, சுழியம் பாகை மேலே என்று குறித்து, இரண்டு வெல்ட்களையும் அதில் வைத்துக் காட்டினார். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

மேலாளர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். சம்பளத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பெண் கேட்டார்:

"சார், உங்க ரோலிங் மெஷின்ல அகலம் எவ்வளவு போகும்? 1,500-ஐவிட அகலமான பிளேட் போகும்னா சுத்து வெல்ட் ஒண்ணு ரெண்டு குறையுமே."

மேலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த ஹெல்மெட்டுகளில் ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"வாம்மா, மெஷின்கிட்டயே போய்ப் பாத்துடலாம்."