வாயிற்காவலனே வணிகனாகலாமா?

சந்தையின் வாயிலில் காவல் நிற்பவனே உள்ளே கடையும் விரித்திருந்தால், யாரை முன்னே விடுவான், யாரை ஓரத்தில் நிறுத்துவான் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இணையத் தேடலில் கூகுள் நிறுவனம் வகிக்கும் இடம் இதுவே. சிறு வணிகரின் கடையும் சிற்றிதழின் கட்டுரையும் அவ்வாயில் திறந்தாலன்றிப் பிறர் கண்ணில் படுவது அரிது.

"இலவசமாகத் தருகிறார்கள்; தரமாகவும் தருகிறார்கள். மக்கள் தாமே விரும்பிச் சென்றால் குற்றமென்ன?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன்னையே முதல் தேடுபொறியாக அமைத்து வைப்பதற்கென 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலரை அந்நிறுவனம் கொடுத்தது ஏன்? தாமே தேடி வருவோருக்கு வலை விரிப்பாரும் உண்டோ? கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டத்திற்குப் புறம்பாகக் காத்து வந்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார்.

நோயைக் கண்ட நீதிமன்றம் மருந்தில் தயங்கியது. குரோம் உலாவியைப் பிரித்து விற்க வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் அது ஏற்கவில்லை. போட்டியாளரை விலக்கும் ஒப்பந்தங்களைத் தடுத்தது. தேடல் தரவுகளில் சிலவற்றைப் பகிரப் பணித்தது. பணம் கொடுத்து இடம் பிடிப்பதையோ விட்டுவைத்தது. செயற்கை நுண்ணறிவால் புதிய போட்டி எழுந்துள்ளதாம்! அக்களத்திலும் ஜெமினியோடு முன்வரிசையில் நிற்பது இதே நிறுவனமன்றோ?

பிரித்தால் தொழிலே அழிந்துவிடும் என அஞ்சுகிறோமா? 1911இல் ஸ்டாண்டர்ட் ஆயில் 34 நிறுவனங்களாக உடைக்கப்பட்டது, எண்ணெய் வற்றிவிடவில்லை. 1984இல் ஏ.டி.அண்டு.டி. பிரிக்கப்பட்டது, தொலைபேசிகள் ஊமையாகிவிடவில்லை. மாறாக, போட்டி பெருகித் தொலைதூர அழைப்பின் கட்டணம் குறைந்தது.

அபராதம் போதாதா எனலாம். ஆண்ட்ராய்டு தொடர்பான முறைகேடுகளுக்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நமக்கு இது மலை. ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடி டாலர் இலாபம் ஈட்டுவோருக்கோ, தொழில் நடத்தும் செலவுகளில் ஒன்று. கட்டிவிட்டுப் பழைய வழியிலேயே நடக்கலாம்.

வளர்ந்தவரைத் தண்டிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உழைப்பாலும் அறிவாலும் முன்னேறுதல் எவருக்கும் உரிமை. ஆனால் வளர்ந்தவர், பிறர் வளரும் வழியை விலைக்கு வாங்கி அடைத்தல் உரிமையாகாது. கைப்பேசியின் இயங்குதளமும் உலாவியும் தேடுபொறியும் விளம்பரச் சந்தையும் ஒரே கையில் இருக்கும்வரை, ஒப்பந்தத் தடைகள் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீரே. காவலன் காவலனாகவும் வணிகன் வணிகனாகவும் இருக்கட்டும். பிரிப்பதே நீதி.