யார் வீட்டுப் பிள்ளை?

விடுமுறை நெருங்கினால், ஊருக்கு என்ன வாங்கிச் செல்வது என்பதே நம் விடுதியில் எழும் முதற் கேள்வி. “செலவு செய்து போவானேன்? அந்தப் பணத்தில் தங்கைக்கு ஒரு கைப்பேசி வாங்கி அனுப்பிவிட்டால் போயிற்று” என்று வாதாடும் நண்பர்களும் உண்டு. நான் அவர்களுக்கு எதிர்க்கட்சி. காரணத்தைக் கூறுகிறேன்; கேளுங்கள்.

சாந்த்ராகாச்சி நிலையத்தை அறியாதவர் நம்மில் யார்? கொல்கத்தாவுக்கு எதிரே, ஊக்ளி ஆற்றின் அக்கரையில், ஹவுராவில் இருக்கிறது. பக்கத்து ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகளைக் காணவென்றே வருவோர் உண்டு. (நம்மவர் கண்ணுக்குத் தேநீர்க் கடைதான் தெரியும்!) சென்னை வண்டிக்காக நாம் நிற்கும் அதே மேடையில், மூட்டையும் போர்வையுமாக வங்கத் தொழிலாளர்களும் நிற்கிறார்கள். நாம் வீட்டை நோக்கிப் போகிறோம். அவர்கள் வீட்டைப் பிரிந்து போகிறார்கள். வண்டி ஒன்றே.

2023 ஜூன் 2 அன்று ஷாலிமாரிலிருந்து புறப்பட்ட கோரமண்டல் விரைவு வண்டியும் இவ்வழியேதான் சென்றது. மாலை 7 மணியளவில், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாகாநாகா பஜார் நிலையத்தில், சிக்னல் கோளாற்றால் பக்கப் பாதையில் புகுந்து, அங்கு நின்ற சரக்கு வண்டியில் மோதியது. மடிந்தோர் 290-க்கும் மேல். முன்பதிவில்லாப் பெட்டிகளில் நெருக்கியடித்துச் சென்ற ஏழைகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தண்டவாளத்தோரம் பைகளும் செருப்புகளும் விளையாட்டுப் பொம்மைகளும் சிதறிக் கிடந்தன. யாரோ வங்க மொழியில் எழுதிய காதற் கவிதைத் தாள்களும் கிடந்தன. அவை உடையவனைக் காட்டிக்கொடுத்தனவா? இல்லை. புவனேசுவரம் எய்ம்ஸ் மருத்துவமனையில் ஒரே உடலைப் பல குடும்பங்கள் தமதென்று கூறி அழுதன. கடைசியில் வழக்கைத் தீர்த்தது டி.என்.ஏ. சோதனை. அந்தச் சோதனை என்ன கேட்கிறது? “உன் ஊதியம் எவ்வளவு? உன் உடைமை என்ன?” என்றா? “நீ யாருக்கு மகன்? யாருக்குத் தந்தை?” அவ்வளவே கேள்வி!

பணம் வேண்டாமென்று சொல்ல நான் துறவியல்லன். அந்தத் தொழிலாளி பணத்துக்காகத்தான் வண்டி ஏறினான். வீட்டு அடுப்பு எரியவேண்டுமே! அவனுக்கு உபதேசம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் நாம்? போகமுடிந்தும் போகாமல், நமக்குப் பதிலாக ஒரு பொட்டலத்தை அனுப்பிவைப்பது பாசமன்று, கணக்குத் தீர்ப்பது. இன்று உயிரோடிருக்கிறோம், அம்மா வாசலில் நிற்கிறாள் என்பதைவிடப் பெரிய செல்வம் எதை நாம் இங்கே சேர்த்துவிடப் போகிறோம்?

குருதியால் வருவது மட்டுமே உறவு என்றும் நான் சொல்லவில்லை. அன்றிரவு கவிழ்ந்த பெட்டிகளிலிருந்து மக்களை முதலில் இழுத்துக் காத்தவர்கள் சுற்றுப்புறக் கிராமத்தார். பாலசோர் மருத்துவமனையில் இரத்தம் கொடுக்க நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். பெரும்பாலோர் நம்மைப் போன்ற இளைஞர். யாருக்குப் போகும் இரத்தம் என்று அவர்கள் கேட்கவில்லை.

நான்கு மாதங்கள் காத்திருந்தும் 28 உடல்களைத் தேடி ஒருவரும் வரவில்லை. 2023 அக்டோபரில் புவனேசுவரம் மாநகராட்சி அவற்றுக்கு ஈமக்கடன் செய்தது. முதற் சிதைகளுக்குத் தீ மூட்டத் தாமாக முன்வந்தவர்கள், இறந்தவர் பெயர்கூட அறியாத பெண்கள்.