மயிற்பொறியும் மரச்சிறகும்

தமிழ்த்துறையின் மலரில் பொம்மை வானூர்தியைப் பற்றி ஒரு கட்டுரையா என வியப்போர் இருக்கலாம். சீவக சிந்தாமணியைப் பயிற்றுவிக்கும் துறைக்கு அதைப் பேசும் உரிமை உண்டு. கடமையும் உண்டு என்பது நம் கருத்து.

சச்சந்தன் தன் தேவி விசயைக்காகக் கம்மியனைக் கொண்டு மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். விசையை வலப்புறம் திரித்தால் அது மேலெழும். இடப்புறம் திரித்தால் கீழிறங்கும். கட்டியங்காரனின் சூழ்ச்சியால் அரசு கவிழ்ந்த நாளில், கருவுற்ற தேவி அதில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்குகிறாள். திருத்தக்கதேவரின் இக்கற்பனையைச் சுட்டி, வானூர்தியை முதலில் கண்டவர் நாமே என்று மேடைதோறும் முழங்குகிறோம்.

இசுலாமியச் சமுதாயத்தாராகிய நமக்கு மற்றொரு பெருமையும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாசு இப்னு பிர்னாசு, உடலில் இறகுகளைப் போர்த்திச் சிறகு கட்டிப் பறக்க முயன்றார் என்று ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியுள்ளார். சற்றுத் தொலைவு பறந்த அவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை இறங்குவதற்கு வால் வேண்டும் என்பதை அவர் எண்ணாததே காரணம் என்கிறது அக்குறிப்பு.

இவ்விரு பெருமைகளையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வினா எழுகிறது. வால் இல்லாத பறவை ஏன் விழுகிறது என்று நம் மாணவர் ஒருவரைக் கேட்டால், விடை வருமா? தேர்வுக்கு எழுதிய விடையன்று. கையால் செய்து, விழக் கண்டு, திருத்திப் பெற்ற விடை வருமா? வாராது எனில், முன்னோர் பறந்த கதையால் நமக்கு வந்த பயன் என்ன?

அந்த விடையை உலகுக்குக் காட்டியது ஒரு விளையாட்டுப் பொருளே. 1871 ஆகஸ்டு 18ஆம் நாள், பாரிசு நகரின் துயிலரி தோட்டத்தில், அல்போன்சு பெனோ என்னும் இருபத்தொரு வயது இளைஞர், முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு வானூர்தியைப் பறக்கவிட்டார். அது 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் பறந்தது. அதைக் காற்றில் நிலைநிறுத்தியது பின்னால் சிறு கோணத்தில் பொருத்திய வால். அவர் உருவாக்கிய ரப்பர் விசைப் பொம்மைகளில் ஒரு வகையை 1878இல் ஒரு தந்தை அமெரிக்காவில் தம் புதல்வர்க்கு வாங்கி வந்தார். வில்பர், ஆர்வில் என்னும் அச்சிறுவர் அதைப் போலவே பல செய்தனர். பெரிதாகச் செய்தபோது அது சரியாகப் பறக்கவில்லை. அளவை இரட்டித்தால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். அந்தத் தோல்வியை மறவாத ரைட் சகோதரர்களே 1903 டிசம்பர் 17இல் மனிதனை விண்ணில் ஏற்றினர்.

தொலைநாடு செல்வானேன்? நம் திருச்சிராப்பள்ளியின் தூய வளனார் கல்லூரியில் 1950களின் தொடக்கத்தில் இரு மாணவர் பயின்றனர். ஒருவர் இராமேசுவரத்தினின்று வந்த அப்துல் கலாம். மற்றவர் திருவரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், பின்னாளில் சுஜாதா. இருவரும் அடுத்துக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குச் சென்றனர். அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய வானூர்திகள் தம்மை ஈர்த்ததைக் கலாம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். நூலில் படித்தது கண்முன் பொருளாய் நின்றபோதே அவருடைய பாதை தெளிவாயிற்று. ஒவ்வொரு கல்லூரியிலும் வானூர்தியை நிறுத்தல் இயலாது. ஒரு சாண் மரச்சிறகை ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுத்தல் இயலும்.

அதற்கு வேண்டுவன மிகச் சில. ஈக்வடார் நாட்டுப் பால்சா மரம் தேக்கின் எடையில் நான்கில் ஒரு பங்கே இருக்கும். சவரத் தகட்டால் அறுக்கலாம். மெல்லிய பலகையில் ஒரு முழம் நீள இறக்கை. அதன் பரப்பில் நான்கில் ஒரு பங்கு வால். இரண்டையும் தாங்க ஒரு குச்சி. இறக்கையின் நுனிகள் இரண்டும் சற்றே மேல்நோக்கி இருத்தல் வேண்டும். இன்றேல் ஒருபுறம் சாய்ந்தது நிமிராது. இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் விரலை வைத்தால், ஊர்தி சமனாய் நிற்க வேண்டும். நில்லாவிடில் மூக்கில் களிமண் ஒட்டுக.

பின் காற்றை எதிர்நோக்கி மெல்ல விடுக. மூக்கைத் தூக்கி நின்று விழுகிறதா? களிமண்ணைக் கூட்டுக. நேரே மண்ணில் பாய்கிறதா? குறைக்க. இங்ஙனம் பத்து முறை விழுந்து பதினோராம் முறை அது வழுக்கிச் செல்லும்போது, ஈர்ப்பு மையம் என்னும் சொல் அம்மாணவர்க்குச் சொந்தமாகிவிடும். அடுத்து விசிறியும் ரப்பரும் பூட்டலாம். ரப்பரை இழுத்துப் பிடித்து முறுக்கினால் மிகுதியான சுற்றுகளை ஏற்கும். மயிற்பொறியின் விசையைத் திரித்த விசயையின் விரல்களை அப்போது சிந்தாமணி வகுப்பு நினைத்துக்கொள்ளும்.

பால்சா விலை மிக்கது என்பர். நம் அண்டை மாவட்டமாம் தஞ்சையின் கைவினைஞர் நெட்டியால் பெரிய கோயிலையே செதுக்குகின்றனர். மாட்டுப்பொங்கலன்று மாட்டின் கழுத்தில் மாலையாகும் அந்த நெட்டி எடையில் மிகக் குறைந்தது. எளிதில் முறியும் அதற்கு மூங்கில் சிம்பு முதுகெலும்பாகுமா என்று நம் மாணவர் ஆராயட்டும். அது நம் மண்ணின் ஆய்வாகும்.

இது பிள்ளை விளையாட்டு, மதிப்பெண்ணுக்கு உதவாது என்பாரும் உளர். பட்டம் பெற்றும் ஒரு திருகாணியைத் திருகத் தயங்கும் இளைஞரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பிழை செய்ய அஞ்சும் கல்வியின் விளைவு அது. கடையில் வாங்கிய ட்ரோனைப் பொத்தான் அழுத்திப் பறக்கவிடுவதும் இக்குறையைத் தீர்க்காது. பழுதானால் கடைக்காரரையே நாட வேண்டும். தானே செய்த சிறகு முறிந்தால், முறிந்த இடமும் காரணமும் செய்தவர்க்குத் தெரியும்.

எனவே நாம் வேண்டுவது இதுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும், பால்சா நில்லாது. ஆதலின் ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில், காற்று எழுமுன் காலை வேளையில், விமான நிலையத்திற்குத் தொலைவான திடல் ஒன்றில், இயற்பியல் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து ஒரு போட்டி நடத்தட்டும். மாணவர்க்கும் மாணவியர்க்கும் சமஇடம் இருக்கட்டும். வாங்கிய பொருளுக்கு அங்கே இடம் இல்லை. எத்தனை விநாடி பறந்தது என்பதற்கு ஒரு பரிசு. எத்தனை முறை ஏன் விழுந்தது என்பதைப் பிழையற்ற தமிழில் ஒரு பக்கம் எழுதுவோர்க்கு மற்றொரு பரிசு. பின்னதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். விழுந்த கதையை நேர்மையாய் எழுதப் பயின்ற மொழியே அறிவியல் மொழியாக வளரும்.

சமுதாயப் பெரியோர் கல்லூரிக்குக் கட்டடங்கள் தந்துள்ளனர்; அறக்கட்டளைகள் நிறுவியுள்ளனர். இப்பரிசுக்கும் அவர்கள் மனம் வைக்க வேண்டுகிறோம். செலவு ஒரு விழா மேடையின் செலவில் சிறு பங்கே ஆகும்.

மலைக்கோட்டைக்கு மேலே பருந்துகள் இறகசைக்காமல் வட்டமிடுவதையும், திரும்பும்போது வாலைத் திருப்புவதையும் நாள்தோறும் காண்கிறோம். மாணவச் செல்வங்களே, அண்ணாந்து பாருங்கள். பார்த்தபின் குனிந்து, கையில் கத்தியும் மரமும் எடுங்கள்.