ஆளை அழித்தால்தான் இயற்கையா?

கொஞ்சம் நீண்ட பதிவு. கமரா வைத்திருக்கிறவர்களும் கமரா கழகம் நடத்துகிறவர்களும் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் பாடசாலையில் படம் எடுக்கிற பிள்ளைகள் ஒரு பத்துப் பேர். கமரா ஒன்றுதான். மிச்சமெல்லாம் வீட்டாரின் போன். சனிக்கிழமை விடிய சைக்கிளில் தர்மபுரத்திலிருந்து கல்மடுக்குளக் கட்டுக்குப் போவோம். போன மாரியில் தரம் 11 பிள்ளை ஒருத்தி அங்கே ஒரு படம் எடுத்தாள். பனி கலையாத தண்ணீர், பட்ட மரத்தில் செட்டை விரித்துக் காயும் நீர்க்காகங்கள், ஒரு மூலையில் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு ஒருவர். நாங்கள் எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னோம்.

வெளிநாட்டுப் போட்டிக்கு டொலரில் காசு கட்ட எங்களிடம் கார்ட் இல்லை. அதனால் ஒரு கழகத்தினூடாக, இயற்கை ஒரு பிரிவு, நிலக்காட்சி ஒரு பிரிவு என்று இரண்டுக்கும் கொடுத்தோம். படம் கழகத்தையே தாண்டவில்லை. "மனிதக் கை தெரிகிறது. அந்த ஆளை அழித்துவிட்டுத் தாருங்கள், மெடல் நிச்சயம்" என்று பதில் வந்தது.

பிள்ளை கேட்டாள்: "சேர், அது எங்கட பெரியப்பா. அவரை ஏன் அழிக்க வேணும்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆகவே விதியைத் தேடி வாசித்தோம். நியாயமாகப் பார்த்தால் அதைக் கழகம்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

ஃபியாப் என்கிற பன்னாட்டுப் புகைப்படக் கலைச் சம்மேளனம், அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பிரித்தானியாவின் ரோயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து 2014இல் இயற்கைப் படத்துக்குப் பொதுவான ஒரு வரைவிலக்கணத்தை ஒத்துக்கொண்டன. மனிதர் சம்பந்தப்பட்டது படத்தில் இருக்கக்கூடாது என்பது உண்மைதான். வளர்ப்பு மிருகம், நட்டு வளர்த்த பயிர், பஞ்சடைத்த உடல் எதுவும் கூடாது. இதில் நியாயம் இருக்கிறது. கூண்டுக்குள் இருக்கும் சிறுத்தையைக் காட்டில் கண்டேன் என்று யாரும் சொல்லக்கூடாதே.

ஆனால் அதே விதியில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, மனிதர் மாற்றியமைத்த இடத்தில் வாழப் பழகிய உயிர்களுக்கு விலக்கு உண்டு. கூகையையும் நாரையையும் உதாரணமாகவே சொல்கிறார்கள். ஐரோப்பாவில் நாரை வீட்டுப் புகைபோக்கியில் கூடு கட்டும், அது இயற்கை. எங்கள் வயலில் உழவு மெசினுக்குப் பின்னால் புழுப் பொறுக்க வரிசையாக நடக்கும் கொக்கு மட்டும் எப்படி இயற்கை இல்லாமல் போனது? வலை விழுந்து மீன் கலைகிற இடத்தைப் பார்த்துக் காத்திருக்கும் நீர்க்காகம்?

இரண்டாவதுதான் எங்களைச் சிரிக்க வைத்தது. இயற்கைப் பிரிவில் படத்தின் ஓரத்தை வெட்டலாம். ஆனால் உள்ளே இருக்கிற ஒன்றை நீக்கவோ, சேர்க்கவோ, இடம் மாற்றவோ கூடாது. பெரியப்பாவை வைத்துக்கொண்டு அனுப்பியிருந்தால், விலக்கு செல்லுமா செல்லாதா என்று நடுவரோடு வாதாடலாம். கழகம் சொன்னபடி அழித்து அனுப்பியிருந்தால் அது நேரடி மோசடி. பதினாறு வயதுப் பிள்ளைக்கு மோசடி செய்யச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதற்கு "வழிகாட்டல்" என்று பெயர்.

நிலக்காட்சிப் பிரிவுக்கோ இந்த விதியே கிடையாது. அது இயற்கைப் பிரிவின் விதி. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது கழகம்.

நிலக்காட்சி என்று இங்கே எதைக் காட்டப் போகிறோம்? இரணைமடு 1902இல் தொடங்கி 1920இல் முடித்த குளம். கட்டும் துருசும் வானும் மனிதர் கட்டியவை. வாய்க்கால், வயல், வடலி எல்லாம் கைபட்டவைதான். கல்மடுக்குளத்தின் கட்டு 2009 ஜனவரியில் யுத்தத்துக்குள் உடைக்கப்பட்டது. திரும்பக் கட்டியதால்தான் அங்கே தண்ணீர் நிற்கிறது, தண்ணீர் நிற்பதால்தான் நீர்க்காகம் வருகிறது. மனிதக் கையை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் குளமே இல்லை.

பெரிய போட்டிகளைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தோம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்ற படம், மரப் படலை ஒன்றைப் பாய்ந்து கடக்கும் ஓநாய். 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். படலை இருந்ததற்காக அல்ல. ஓநாய் பழக்கிய ஓநாய் என்று நடுவர்கள் முடிவு செய்ததற்காக. 2017இல் ஒரு பிரிவில் வென்ற பிரேசில் நாட்டு எறும்புதின்னிப் படத்தில் ஆளுமில்லை அடையாளமுமில்லை, சுத்தமான இயற்கை. அடுத்த வருடம் அதையும் நீக்கினார்கள், அது பஞ்சடைத்த எறும்புதின்னி என்று கண்டு. 2021இல் இளையோருக்கான முதற்பரிசு பத்து வயது பெங்களூர்ச் சிறுவனுக்கு. மதில் இடுக்கில் சிலந்தி, அதற்குப் பின்னால் தெருவில் போகிற ஓட்டோவின் பச்சையும் மஞ்சளும். எங்கள் கழகத்திடம் கொடுத்திருந்தால் ஓட்டோவை அழிக்கச் சொல்லியிருப்பார்கள்.

சுண்டிக்குளத்தில் நடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1938இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015இலிருந்து தேசியப் பூங்கா. வேனில் வந்து இறங்குகிற சிலர், மீன்பிடிக்கிறவர்களைத் தள்ளிப் போகச் சொல்கிறார்கள். பிறகு கூட்டம் எழும்பும் படம் வேண்டும் என்று தாங்களே தண்ணீரில் கல்லெறிகிறார்கள். எங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்டது. வலைக்காரர் இயற்கைக்கு இடைஞ்சலாம், கல்லெறிகிறவர் கலைஞராம்!

இது மெடல் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆளில்லாத வன்னி எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. 2009இல் இந்த மண்ணின் சனம் மெனிக் பாம் முகாமில் கம்பிவேலிக்குள் இருந்தபோது இந்தக் குளங்கள் உண்மையிலேயே ஆளில்லாமல்தான் கிடந்தன. நீங்கள் கேட்கிற நிலக்காட்சி அன்றைக்கு இருந்தது. வடக்கு முஸ்லிம்களான எங்கள் வீட்டாருக்கு அது 1990 ஒக்டோபரிலிருந்தே தெரியும். இருபது வருடம் ஆளில்லாமல் விட்ட காணியில் காடு ஏறியது. மன்னாரின் தெற்கே மறிச்சுக்கட்டிப் பக்கம் சனம் திரும்பி வருகிற காலத்தில், 2012இல், அதை ஒதுக்கக் காடு என்று வர்த்தமானியில் போட்டார்கள். அந்தக் காட்டைப் படம் எடுத்தால் அழகாகத்தான் இருக்கும், மனிதக் கை எங்கும் தெரியாது. அதை வைத்து, இங்கே எப்போதுமே யாரும் இருக்கவில்லை என்றும் சொல்லலாம்.

அதனால்தான் ஒரு படத்தின் மூலையில் நிற்கிற ஒரு மனிதரை அழிப்பது எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கழகத்திடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதியிருக்கிறோம். நிலக்காட்சிப் பிரிவில் ஆள் இருக்கக்கூடாது என்று எந்தப் போட்டியின் எந்த விதியில் இருக்கிறது என்று காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் பிள்ளை கட்டிய காசைத் திருப்பிக் கொடுங்கள். அவளுடைய தகப்பன் கூலிக்கு வெங்காயம் கிண்டுகிறவர்.

லண்டன் போட்டியில் பதினேழு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கார்டும் வேண்டாம், கழகமும் வேண்டாம். அடுத்த முறை நேரே அங்கே அனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ். பெரியப்பா வலையோடு அதே மூலையில்தான் நிற்பார்.