ஆகாய மகாராஜாவும் ஏழைப் பிரயாணியும்

ஏர் இந்தியா என்னும் ஆகாய விமானக் கம்பெனி பெரும் நஷ்டத்தில் இருக்கிறதென்றும், சில வழிகளை நிறுத்திவிட்டதென்றும், பழைய விமானங்களைக் கழித்துக்கட்டுகிறதென்றும் வரும் சேதிகளைப் பற்றிப் புதுக்கோட்டைச் சீமையில் இருக்கிற நமக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவனுக்கு ஆகாய விமானத்தின் கதை எதற்கு என்று கேலி செய்யவுங்கூடும். இப்படிக் கேட்பது தவறு என்பதே நமது அபிப்பிராயம். ஏனெனில், அந்தக் கம்பெனியின் விமானத்தில் ஒரு நாளும் ஏறாதவன் தலையிலுங்கூட அதன் கடன் ஏற்றப்பட்டிருக்கிறது. ஏறிப் போகிறவர்களிலோ, அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் கடல் கடந்து கூலிக்குப் போகும் நமது பிள்ளைகள் ஏராளமாய் இருக்கிறார்கள். ஆகவே இது நம்முடைய சொந்த விஷயமேயாகும்.

முதலில் கம்பெனியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். 1932ஆம் வருஷம் அக்டோபர் 15ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இப்படித் தபால் சுமக்கப் பிறந்த கம்பெனி 1946இல் ஏர் இந்தியா என்று பெயர் பெற்றது. 1953இல் சர்க்கார் உடைமையாயிற்று. 2007இல் உள்நாட்டு விமானம் ஓட்டிய இந்தியன் ஏர்லைன்ஸும் இதோடு சேர்க்கப்பட்டது. 2022 ஜனவரி 27ந் தேதி மறுபடியும் டாட்டா கம்பெனியின் கைக்கே போய்விட்டது.

இதற்கிடையில் நடந்த ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1946இல் இந்தக் கம்பெனி தனக்கு அடையாளமாக ஒரு மகாராஜாவின் உருவத்தை வைத்துக்கொண்டது. தலைப்பாகையும் பெரிய மீசையுமாய்க் குனிந்து வரவேற்கும் அந்த மகாராஜா, தேசம் குடியரசான பிறகும் தம் பதவியை விடவில்லை. நமது புதுக்கோட்டையில் என்ன நடந்தது? 1948 மார்ச்சு 3ந் தேதி தொண்டைமான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ராஜா இருந்த மாளிகை இன்றைக்குக் கலெக்டர் ஆபீசாக இருக்கிறது. மனுக் கொடுக்க வருகிற குடியானவன் அந்த வாசற்படியில் தாராளமாய் ஏறி இறங்குகிறான். பூமியிலே அரண்மனையை மக்களுக்குத் திறந்துவிட்ட அதே காலத்தில், ஆகாயத்திலே மக்கள் பணத்தில் புதிய அரண்மனை கட்டினார்கள்! 1971இல் வந்த போயிங் 747 என்னும் பெரிய விமானத்தின் ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தானத்து மாடங்களைப் போலச் சித்திரம் தீட்டி, ‘ஆகாயத்தில் உங்கள் அரண்மனை’ என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். அந்த வகை விமானங்களுக்கு அசோகர், கனிஷ்கர், ராஜேந்திர சோழர் என்று சக்கரவர்த்திகளின் பெயர்களையே வைத்தார்கள். ஒரு விமானத்துக்காவது உழுகிறவன் பெயரோ, கல்லுடைக்கிறவன் பெயரோ வைக்கத் தோன்றிற்றா என்று கேட்கின்றோம்.

பெயரும் சித்திரமும் போகட்டும், கணக்குக்கு வருவோம். 2005ஆம் வருஷத்தை ஒட்டி, இரண்டு சர்க்கார் கம்பெனிகளுக்குமாக 111 விமானங்கள் வாங்குவதென்று தீர்மானிக்கப்பட்டது. கையில் மூலதனம் சொற்பம். வாங்கியதெல்லாம் பெரும்பாலும் கடன். நாலு ஏக்கர் நிலம் உள்ளவன் நாற்பது ஜோடி மாட்டைக் கடனுக்குப் பிடித்துவந்தால் ஊர் சிரிக்காதா? இந்தக் கொள்முதலையும், கடனை நம்பியே அதைச் செய்ததையும் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2011இல் பார்லிமெண்டில் வைத்த அறிக்கை கண்டித்தது. அதற்குள் வட்டி குட்டி போட்டுவிட்டது. இது போதாதென்று, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஏர் இந்தியாவிலேயே போகவேண்டும் என்று 2009இல் உத்தரவு போட்டார்கள். ஆனால் டிக்கெட்டுப் பணத்தைக் கடனாகவே வைத்தார்கள். 2021 அக்டோபரில் விற்பனை முடிவான பிறகுதான், பாக்கியைத் தீருங்கள், இனி ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்குங்கள் என்று நிதி இலாகா எல்லா இலாகாக்களுக்கும் தாக்கீது அனுப்பிற்று. நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரன்கூட இவ்வளவு நாள் கடன் கொடுத்திருக்க மாட்டான்.

முடிவு என்ன? 2021 ஆகஸ்டு முடிவில் கடன் 61,562 கோடி ரூபாய். வாங்கியவர்கள் ஏற்றுக்கொண்ட கடன் 15,300 கோடி; ரொக்கமாகக் கொடுத்தது 2,700 கோடி. மீதக் கடன் 46,262 கோடியும் சர்க்கார் வைத்துக்கொண்ட வேறொரு கம்பெனியின் கணக்குக்குப் போயிற்று. அதாவது மக்கள் தலைக்குப் போயிற்று. இந்தத் தேசத்தின் 140 கோடி மக்களுக்கும் பங்கு போட்டால் தலைக்கு ஏறக்குறைய 330 ரூபாய் ஆகிறது. கீரனூரில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் 330 ரூபாய். திருமயத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் கிழவிக்கும் 330 ரூபாய். இவர்களில் யார் அந்த ஆகாய அரண்மனையில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள்? கம்பெனியில் வேலை பார்த்த 12,000 பேருக்கோ, ஒரு வருஷத்துக்கு வேலையை விட்டு நீக்கமாட்டோம் என்ற வாக்குறுதிதான் கிடைத்தது.

நிற்க, பழைய விமானங்களைக் கழிப்பதைப் பற்றி நாம் கண்ணீர் விடப்போவதில்லை. போயிங் 747க்கு நான்கு இயந்திரங்கள். பின்னால் வந்த விமானங்கள் இரண்டே இயந்திரங்களைக் கொண்டு பெருங்கடல்களைத் தாண்டுகின்றன. எண்ணெய்ச் செலவும் பழுதுபார்க்கும் செலவும் அதிகமான யந்திரத்தைப் பழம் பெருமைக்காக வைத்துக்கொண்டிருப்பது அறிவுடைமை ஆகாது. 2021இல் பிரயாணிகளை ஏற்றுவதை நிறுத்தி, 2024 ஏப்ரல் 22ந் தேதி அவற்றில் ஒன்று பம்பாயை விட்டுக் கடைசியாகக் கிளம்பியபோது, பலர் ஒரு ராஜாவுக்கே விடை கொடுப்பது போல உருகினார்கள். யந்திரம் யந்திரந்தான், அதன் காலம் முடிந்தால் கழிப்பதே முறை.

ஆனால் வயது குறைந்த விமானமெல்லாம் பத்திரமானது என்று நினைத்துவிடவுங்கூடாது. 2025 ஜூன் 12ந் தேதி அகமதாபாத்தில் விழுந்து 260 பேர் உயிரைக் கொண்டுபோன விமானம் 2014இல் வந்ததுதான். நமக்கு அண்டையில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2024 அக்டோபர் 11ந் தேதி, ஆயுத பூஜை நாளன்று, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் பழுது கண்டு, 141 பேரோடு அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமிட்டது. கீழே இருந்தவர்கள் நேர்ந்துகொண்டார்கள். மேலே இருந்த விமானிகளோ எண்ணெயின் பாரத்தைக் குறைத்து, தாங்கள் கற்ற வித்தையைக் கொண்டு பத்திரமாக இறக்கினார்கள். யந்திரத்தைக் காப்பது சந்தனமும் குங்குமமும் அல்ல. கற்ற கையும், தவறாத பரிசோதனையும், அதற்கு ஒதுக்கும் பணமுமே ஆகும். நஷ்டக் காலத்தில் முதலில் கத்தரிக்கத் தோன்றுவது இந்தப் பணத்தைத்தான் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லுகிறோம்.

இனி வழிகளை வெட்டும் சங்கதி. 2025 ஜூன் மாதத்தில் பெரிய விமானங்களின் அயல்நாட்டுப் பிரயாணங்களில் 15 சதவிகிதத்தை ஏர் இந்தியா தற்காலிகமாகக் குறைத்தது. செப்டம்பர் 1 முதல் டில்லியிலிருந்து வாஷிங்டன் போகும் வழியை நிறுத்தியது. பழைய விமானங்களின் உட்புறத்தைப் புதுப்பிக்க அனுப்புவதால் விமானம் போதவில்லை என்றும், பாகிஸ்தான் தன் ஆகாயத்தை மூடியதால் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது என்றும் காரணம் சொன்னார்கள். இதை நாம் குறை சொல்லவில்லை. நம் பயம் வேறு. 2005இல் ஏழைப் பிரயாணிகளுக்கென்று திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத் தொடங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், தாய்க் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கிக் கிடந்தபோதே, 2015-16 முதல் சில வருஷங்கள் தொடர்ந்து லாபம் காட்டிற்று. இந்தக் கம்பெனிதான் திருச்சியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் நமது ஆட்களைக் கொண்டுபோகிறது. அதாவது, விருந்தும் மெத்தையும் இல்லாமல் முழங்கால் முட்ட உட்கார்ந்து போன கூலிக்காரன் லாபம் கொடுத்தான். மகாராஜா நஷ்டம் கொடுத்தார்!

இப்போதோ, வேறு உள்நாட்டுக் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டு வேகமாகப் பெருத்த எக்ஸ்பிரஸுக்கும் 2024-25இல் 5,678 கோடி நஷ்டம். தாய்க் கம்பெனிக்கு 3,976 கோடி. நஷ்டம் யாரால் வந்தாலும், கோடாரி விழும்போது டில்லி, பம்பாய் வழிகளில் விழுமா, திருச்சி வழியில் விழுமா? சத்தம் போட ஆள் இல்லாத இடத்தில்தான் கோடாரி முதலில் விழும் என்பது உலக வழக்கம்.

வழி அடைபட்டால் என்னவாகும் என்பது நமது முன்னோருக்குத் தெரியும். நாகப்பட்டினம் வழியாக மலாயாவுக்குப் போன ரஜூலா கப்பல் 1926 முதல் ஓடி 1973இல் ஓய்வு பெற்றது. அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்தது. அதோடு ஏழைகளின் கடல்வழி அடைபட்டுப்போயிற்று. கப்பலின் அடித்தட்டில் தகரப் பெட்டியோடு போனவன், பிறகு நகையை அடகு வைத்து விமானச் சீட்டு வாங்கவேண்டியதாயிற்று.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நோயுமல்ல. இலங்கையின் சர்க்கார் கம்பெனி 2016இல் பாரிஸ், பிராங்க்பர்ட் வழிகளை நிறுத்தியது. வாங்க ஒப்புக்கொண்ட பெரிய விமானங்களை வேண்டாமென்று சொல்லி, அதற்கும் அபராதம் கட்டியது. மலேசியக் கம்பெனி இரண்டு பெரும் விபத்துகளுக்குப் பின் 2015இல் சுமார் 6,000 பேரை வேலையைவிட்டு நீக்கியது. எங்கும் ஒரே பாடந்தான். கௌரவத்துக்காகக் கம்பெனி நடத்தினால், கௌரவம் பெரிய மனிதருக்கும் கடன் சிறிய மனிதருக்கும் போய்ச் சேரும். முதலாளி சர்க்காராயிருந்தாலும் தனி ஆளாயிருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை.

ஆகவே நாம் கேட்பது தயவு அல்ல. 46,262 கோடியைச் சுமக்கிறவன் என்ற முறையில் கேட்கிறோம். எந்த வழியில் லாபம், எந்த வழியில் நஷ்டம் என்ற கணக்கை வழிவாரியாக வெளியிட வேண்டும். ஒரு வழியை நிறுத்துவதானால் பல மாதங்களுக்கு முன்னமே சொல்ல வேண்டும். வேலைச் சீட்டுக் காலாவதியாகும் கூலிக்காரனைக் கடைசி நாளில் நடுத்தெருவில் விடக்கூடாது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் சாலையில், 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, வருஷத்துக்கு 44 லட்சம் பேர் போய்வரத்தக்க புதிய விமான நிலையக் கட்டடத்தை 2024 ஜனவரி 2ந் தேதி திறந்துவைத்தார்கள். கட்டடம் பெரிதாகி விமானம் குறைந்தால் அது யாருக்குப் பிரயோஜனம்? சிங்கப்பூர், மலேசியக் கம்பெனிகள் திருச்சிக்கு வருவதுபோல, பெரிய வளைகுடாக் கம்பெனிகளும் வந்து இறங்க சர்க்கார் ஒப்பந்தம் செய்ய வேண்டும். ஒருவன் கைவிட்டால் இன்னொருவன் ஏற்றிப்போக அதுவே வழி.

தோழர்களே! விமானம் ஏறுவது பூர்வ ஜென்மப் புண்ணியமும் அல்ல, ஏறாமலிருப்பது தலைவிதியும் அல்ல. உங்கள் பிள்ளை ஷார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகும் வழி, உங்கள் ஊர்ப் பஸ் வழியைப் போன்றதே. பஸ் நின்றால் மறியல் செய்கிறோம், மனுக் கொடுக்கிறோம். விமானம் நின்றால் மட்டும் அது பெரிய மனிதர் சங்கதி என்று ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? பார்லிமெண்டு மெம்பரிடம் ஓட்டுக் கேட்கும் காலத்தில் மாத்திரமல்ல, இப்போதே போய் இந்தக் கணக்கைக் கேளுங்கள். கேட்கிறவன் வழியில் கை வைக்க எந்த மகாராஜாவும் யோசிப்பான்.