உர மூட்டையும் நடுகைக் கைகளும்

வன்னியில் காலபோகத்துக்கு வயல் உழும் வேளை நெருங்கும்போதெல்லாம், புலம்பெயர் நாடுகளிலுள்ள எம்மவரின் தொலைபேசிகளில் ஒரே வேண்டுகோள் ஒலிக்கின்றது: யூரியா வாங்கக் காசு வேண்டும். தஞ்ச விண்ணப்பத்துக்கு முடிவு கிடையாமல், வேலை செய்யும் அனுமதியுமின்றி, மாதாந்த உதவிப்பணத்தில் மிச்சம்பிடித்து ஊருக்கு அனுப்பும் இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். சென்ற காலபோகத்துக்கு அவர் அனுப்பிய பணம் முழுவதும் உர மூட்டைகளாயிற்று. விளைச்சல் எப்படி என்று கேட்டோம். "பயிர் நல்ல பச்சையாக நின்றதாம்" என்றார். நெல் எவ்வளவு என்ற கேள்விக்கு அவரிடம் விடையில்லை.

உரம் பற்றிய எமது மக்களின் பதற்றம் காரணமற்றதன்று. 1990இல் வடக்குக்குக் கொழும்பு விதித்த பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கியிருந்தது. வெடிபொருள் செய்ய உதவும் என்பது சொல்லப்பட்ட நியாயம். 2002 போர்நிறுத்தத்தோடு தடைகள் தளரும்வரை, பூவரசங் குழையும் ஆட்டெருவும் பழைய வேலி ஓலையும் தாழ்த்தியே பலர் பயிர் செய்தனர். 2021 மே மாதம் அன்றைய சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தியபோது தென்னிலங்கை விவசாயி திகைத்து வீதிக்கு வந்தார். வடக்கின் விவசாயிக்கோ அது இரண்டாவது முறை.

அந்த ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஆனால் பெரும்போக விதைப்பு அதற்குள் நடந்து முடிந்திருந்தது. 2021இல் 50 இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்த நாட்டின் நெல் உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 34 இலட்சம் தொன்னாகச் சரிந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சீனாவிலிருந்து தருவிக்கப்பட்ட சேதனப் பசளையில் தீங்கான பற்றீரியா இருப்பதாகக் கூறிக் கப்பலைத் திருப்பிய அரசு, பின்னர் அதற்கும் 67 இலட்சம் டொலர் செலுத்தியது தனிக் கதை.

சேதனப் பசளை கெட்டது என்பதன்று எமது வாதம். கணக்குத்தான் பிழைத்தது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஓர் ஏக்கருக்கு நூறு கிலோ யூரியா இட்டால் 46 கிலோ நைதரசன் மண்ணுக்குப் போகும். கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் என்று கொண்டால், அதே அளவைத் தர நான்கரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். அந்த நைதரசனும் உடனே பயிருக்குக் கிட்டாது. கூட்டெரு உக்க உக்க மெதுவாகவே வெளிப்படும். நாம் விரிவுரையாளராக இருந்த காலத்தில் முதலாம் ஆண்டு மாணவரே கரும்பலகையில் முடித்துவிடக்கூடிய கணக்கு இது. ஒரு நாட்டின் அமைச்சரவைக்கு அது எட்டவில்லை.

தடை நீங்கியதும் பலர் மறுகோடிக்கு ஓடினர் என்பதே இன்றைய கவலை. மேலதிக யூரியா நெல்லைத் தழைக்கச் செய்யும், பச்சையாகக் காட்டும். அத்தகைய பயிரில் எரிபந்தமும் கபிலத் தத்தியும் எளிதில் தொற்றும்; கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்றுக்கே சாயும். வலிகாமத்தின் நிலைமை இன்னும் பாரதூரமானது. மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரம் நேரே கிணற்றுக்கு இறங்குகின்றது. மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனோடு சேர்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையை அங்குள்ள பல கிணறுகள் மீறியிருப்பதை ஆய்வாளர் 1980களிலிருந்தே எழுதி வந்துள்ளனர். கைக்குழந்தைகளுக்கு அந்நீர் ஆபத்தானது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? உரத்தை மட்டும் தனியே வைத்துப் பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும். வீசி விதைத்த வயலில் பயிர் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் ஐதாகவும் நிற்கின்றது. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் போதுமென்று விவசாயத் திணைக்களம் சொல்ல, மூன்றும் அதற்கு மேலும் வீசுவோர் உளர். அங்கே களைகட்டும் கருவியை உருட்ட இடமில்லை. உரத்தையும் நீரின் மேல் வீசவே முடியும். அவ்வாறு வீசிய யூரியாவில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போகும்; இன்னொரு பகுதி அடுத்த மழையோடு வாய்க்காலில் போகும். வரிசையில் நட்டால் கதை வேறு. வங்காளதேசத்தில் யூரியாவை உருண்டையாக்கி, நான்கு நாற்றுகளுக்கு நடுவே விரல் ஆழத்தில் புதைக்கின்றனர். குறைந்த உரத்தில் அதே விளைச்சலோ கூடுதலோ கிடைக்கின்றது. மடகாஸ்கரில் பிரெஞ்சுக் குருவானவர் ஆன்றி டி லோலானி 1983இல் கண்ட ஒற்றை நாற்று முறையில், பத்து நாள் நாற்றை ஒன்றொன்றாக 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுவர். ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதைநெல்லே போதும்; மட்டம் நன்றாக வெடிக்கும். அதன் ஆதரவாளர் கூறும் விளைச்சல் அளவுகளை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. நாமும் அவற்றை அப்படியே நம்பச் சொல்லவில்லை. நீரைக் கட்டுப்படுத்த முடியாத யாழ்ப்பாணத்து மானாவாரி வயலில், புழுதி விதைப்பை விட்டு இம்முறைக்கு மாறுவதும் இயலாது. இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிளிநொச்சி வயல்களில் முயன்று பார்க்கலாம்.

முயலாமைக்குக் காரணம் அறியாமையன்று. வரிசை நடுகைக்குக் கைகள் வேண்டும். அந்தக் கைகளிற் பல போரில் அழிந்தன. எஞ்சியவற்றிற் பல இன்று ஐரோப்பிய உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவுகின்றன. கைகளுக்குப் பதிலாக நாம் காசு அனுப்புகின்றோம். காசு கடைக்குப் போய் மூட்டையாக வருகின்றது. நெல்லுக்கான அரசின் உர உதவியும் 2024இல் ஹெக்டேருக்கு 25,000 ரூபாவாக உயர்ந்தது. நடுகைக் கூலிக்கு எவரும் உதவுவதாகத் தெரியவில்லை.

மேற்சொன்ன இளைஞரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். மண்ணைப் பரிசோதிக்கக் கொடுக்குமாறும், யூரியாவை ஒரே தடவையில் இடாமல் கதிர் உருவாகும் பருவம் வரை மூன்று நான்கு தடவையாகப் பிரித்து இடுமாறும் தமையனுக்கு அறிவித்திருக்கிறார். தமையன் மூன்று ஏக்கரில் அரை ஏக்கரை மட்டும் வரிசையில் நட்டுப் பார்க்க இசைந்துள்ளாராம். மீதி வழமைபோல் விதைப்பே. நடுகைக்கு வரும் பெண்களின் நாட்கூலி எவ்வளவென்று விசாரித்துச் சொன்னால், இம்முறை அதற்கே பணம் அனுப்புவதாக இவர் காத்திருக்கிறார்.